விதைக்கு வேண்டியது ஈரம், வெள்ளம் அன்று
(விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்றைய பொருள் சமையலறையைச் சார்ந்தது. முழுத் தானியத்தை முளைகட்டி உணவாக்கும்போது அதன் ஈரத்தை எவ்வாறு ஆள்வது என்பதே அது. திருவிழா மேடைக்கு ஏற்ற பொருள்தானா என்று சிலர்க்குத் தோன்றலாம். இல்லறத்தாரின் நோன்பு ஆலயத்தில் உறுதி செய்யப்படுகிறது, அடுக்களையில்தான் கடைப்பிடிக்கப்படுகிறது. நீர் வடிகட்டும் துணியிலும், மாவு வைக்கும் கலத்திலும், பொழுது சாயுமுன் முடித்துவிடும் உணவிலும் அகிம்சை நாள்தோறும் சோதிக்கப்படுகிறது. ஆகவே இப்பொருள் இம்மேடைக்கு அயலானதன்று.

தமிழ்ச் சமணர் வழிவழியாக உழவர் குடியினர். வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்து ஊர்களில் நெல்லும் கேழ்வரகும் மணிலாவும் விளைவித்த குடும்பங்கள் பல. விதை நெல்லை மூட்டையோடு நீரில் ஊறவைத்து, மறுநாள் வடித்தெடுத்து, வைக்கோல் மூடி, வெதுவெதுப்பில் முளை காட்டச் செய்து நாற்றங்காலில் தெளிக்கும் முறையை அக்குடும்பத்து முதியோர் கண்ணால் கண்டே கற்றனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுள் பலர் இன்று பழைய மாமல்லபுரச் சாலையில் நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் என்று அடுக்ககங்களில் குடியேறியுள்ளனர். அங்கே வயல் இல்லை, நாற்றங்கால் இல்லை. ஆனால் கைக்குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச முளைகட்டிய கேழ்வரகு வேண்டும் என்னும் எண்ணம் மட்டும் உடன் வந்திருக்கிறது. ஊரில் எளிதாக நடந்த வேலை கடற்கரையில் ஏன் பூஞ்சையில் முடிகிறது என்பது இளம் தாய்மாரின் கேள்வி.

அக்கேள்விக்கு முன்பே வீட்டில் மற்றொரு கேள்வி எழுகிறது. முளைவிட்ட தானியத்தைச் சமணர் உண்ணலாமா? முளைக்கும் ஆற்றல் உள்ள விதை ஓரறிவுயிரின் இருப்பிடம். இளந்தளிரும் முளையும் அளவிறந்த உயிர்களுக்கு இடமானவை என்று கருதி அவற்றை முற்றிலும் விலக்குவோர் உண்டு. சமைப்பதற்கு முன் விதை இருந்த நிலையைவிட, சமைக்கும் கையின் கவனத்தையே பெரிதாக எண்ணுவோரும் உண்டு. குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கு வேறுபடுகிறது. எடுத்துக்கொண்ட விரதத்துக்கேற்பவும் வேறுபடுகிறது. அவ்வழக்கைத் தீர்த்துவைப்பது துறவியரின் பணி, இவ்வுரையின் பணியன்று. ஒன்றை மட்டும் இங்கே சொல்லலாம். உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம், கவனமின்மையோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு நேர்வதையே இம்சை என்று வரையறுக்கிறது. அவ்வாறாயின், முளைகட்டுவதா வேண்டாவா என்பதில் கருத்து வேறுபடுவோரும், முளைகட்டினால் கவனமாகக் கட்டவேண்டும் என்பதில் ஒன்றுபடவே வேண்டும். அக்கவனத்தின் பெயர்தான் ஈரக் கட்டுப்பாடு.

விதைக்குள் நடப்பதை முதலில் அறிதல் நலம். நன்கு காய்ந்த கேழ்வரகில் ஏறத்தாழ 12 விழுக்காடு ஈரம் இருக்கும். அந்நிலையில் விதை உறங்குகிறது. நீர் ஏறி 35 முதல் 40 விழுக்காட்டை எட்டும்போது அது விழிக்கிறது, மூச்சுவிடத் தொடங்குகிறது, மாவுச்சத்தைச் சிறு துண்டுகளாக உடைக்கும் அமைலேஸ் என்னும் நொதியை உருவாக்குகிறது. மூச்சுவிடும் எதற்கும் காற்று வேண்டும். ஊறிய பின்னும் நீருக்குள்ளேயே கிடக்கும் விதைக்குக் காற்றுக் கிடைப்பதில்லை. அது திணறுகிறது; புளிக்கிறது; வழுவழுப்பாகிறது. மால்ட் செய்யும் ஆலைகளில் வாற்கோதுமையை 42 முதல் 46 விழுக்காடு ஈரம் வரை ஊறவைப்பர். அவ்வாறு ஊறும்போதும் இடையிடையே நீரை வடித்துக் காற்றில் விடுவர். காரணம் இதுவே. விதைக்கு வேண்டியது ஈரம், வெள்ளம் அன்று. முளைகட்டுதல் பற்றி வேறெதை மறந்தாலும் இதை மறத்தலாகாது.

இந்த நொதிக்காகவே கேழ்வரகு முளைகட்டப்படுகிறது. சிறுதானியங்களுள் முளைத்த கேழ்வரகில் அமைலேஸ் மிகுதி. சாதாரண மாவில் காய்ச்சிய கஞ்சி விரைவில் கெட்டியாகிவிடும். நீர் சேர்த்து இளக்கினால் அதன் சத்து நீர்த்துப்போகும். குழந்தையின் இரைப்பை சிறியது. இளகிய கஞ்சியை வயிறு நிறையக் குடித்தும் போதிய ஆற்றல் பெறாது. முளைத்த மாவு இச்சிக்கலைத் தீர்க்கிறது. மிகுதியான மாவு சேர்த்தும் கஞ்சி இளகலாகவே நிற்கும். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் மல்லேஷியும் தேசிகாச்சாரும், முளைகட்டிய கேழ்வரகையும் பச்சைப்பயற்றையும் கொண்டு இத்தகைய குழந்தை உணவை வகுத்து 1982-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். பரோடாவில் தாரா கோபால்தாஸ் 1980-களில், முளைத்த தானிய மாவைச் சிறிதளவே சேர்த்தாலும் கெட்டிக் கஞ்சி இளகுவதைக் காட்டினார். மேலும், இரும்புச் சத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் கட்டிவைக்கும் ஃபைட்டிக் அமிலமும் முளைக்கும்போது குறைகிறது. பாட்டிமாரின் கைப்பழக்கத்துக்கு ஆய்வுக்கூடம் அளித்த சான்று இது.

இனி முறைக்கு வருவோம். முதலாவது, அளவு. ஒரு கிலோ கேழ்வரகில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மணிகள் உண்டு. இந்த எண்ணிக்கையை அறிந்தவர் கைபோன போக்கில் அள்ளமாட்டார். ஒரு குழந்தையுள்ள வீட்டுக்கு ஒருமுறைக்குக் கால் கிலோ போதும். சிறிய அளவு எளிதில் காயும். கெட்டாலும் இழப்புச் சிறிது. பரிமித பரிக்கிரகம் என்னும் விரதம் அரிசிப் பானைக்கும் பொருந்தும்.

இரண்டாவது, தேர்வு. தீட்டிய தானியம் முளைக்காது; கரு நீங்கிவிட்டது. புழுங்கலரிசியும் முளைக்காது, அது வெந்துவிட்டது. உமி நீக்கிய சாமையும் தினையும் பெரும்பாலும் ஊறி அழுகுமேயன்றி ஒழுங்காக முளைக்கமாட்டா. முளைக்காத மணி ஈரத்தில் கிடந்தால் பூஞ்சைக்கே உணவாகும். ஆகவே கேழ்வரகு, கம்பு, முழுக்கோதுமை, பச்சைப்பயறு ஆகியவற்றைப் புதிதாகவும் முழுதாகவும் வாங்கி, கல்லும் சொத்தையும் வண்டும் இல்லாதபடி பகலொளியில் ஆய்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது, நீர். கடற்கரையை அடுத்த இடங்களில் கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் சில பருவங்களில் உவர்க்கும். உப்பு மிகுந்த நீர் விதைக்குள் எளிதில் ஏறாது, முளைப்புத் தாமதமாகும், தாமதத்தில் அழுகல் புகும். குடிக்கத்தக்க நன்னீரைத் துணியால் வடிகட்டிப் பயன்படுத்துதல் முன்னோர் வழக்கம். முளைகட்டுவோர்க்கும் அதுவே நன்று.

நான்காவது, காலம். இரவுணவை விலக்கிய குடும்பத்தின் நாளொழுங்கோடு இவ்வேலை நன்கு பொருந்துகிறது. விடியற்காலை 6 மணிக்குக் கழுவி ஊறவைத்தல். நண்பகலில் நீரை மாற்றுதல். மாலை 4 மணிக்கு முற்றிலும் வடித்தல். பத்து மணி நேர ஊறல் கேழ்வரகுக்குப் போதும். கோடையில் நீரை இருமுறை மாற்றவேண்டும். வெந்நீரில் காற்றுக் குறையும், நுண்ணுயிர் பெருகும். வடித்ததைச் சல்லடையில் அரை மணி நேரம் சாய்த்து வைத்துச் சொட்டுநீரும் போக விடவேண்டும். பிறகு, ஈரப் பருத்தித் துணியில் இரண்டு மூன்று செ.மீ. கனத்துக்கு மிகாமல் பரப்பித் தளர மூடவேண்டும். இறுகக் கட்டிய மூட்டையின் நடுவில் விதைகளின் மூச்சால் வெப்பம் ஏறும். அங்கேதான் கெட்ட வாடை முதலில் பிறக்கும்.

அந்தி சாயுமுன் ஒருமுறை, மறுநாள் காலை, நண்பகல், மாலை என்று கையால் மெல்லப் புரட்டிப் பார்க்கவேண்டும். துணி காய்ந்திருந்தால் கைவிரலால் நீர் தெளித்தல் போதும், ஊற்றுதல் கூடாது. துணியைப் பிழிந்தால் நீர் சொட்டுமானால் ஈரம் மிகுதி என்றறிந்து துணியை மாற்றவேண்டும். மூன்றாம் நாள் விடியலில் வெள்ளிய வேர்முனை எள்ளளவு தெரியும். அதுவே நிறுத்தும் எல்லை. நீண்ட முளையில் கசப்பும் இழப்புமே மிகும். பச்சைப்பயறு இதற்கும் முன்னதாகவே முளை காட்டும் என்பதால் அதைத் தனியே கட்டுதல் நலம்.

ஈரம் சரியா என்பதை அறியச் சமையலறைத் தராசு ஒன்றே போதும். 12 விழுக்காடு ஈரமுள்ள 250 கிராம் கேழ்வரகு, ஊறி வடிந்தபின் 340 முதல் 365 கிராம் வரை நிற்குமானால் அதன் ஈரம் 35-க்கும் 40-க்கும் இடைப்பட்டது. 340-க்குக் கீழே நின்றால் இன்னும் சற்று ஊறவேண்டும். 400-ஐ நெருங்கினால் மணிகளுக்கிடையே தேங்கிய நீர் வடியவில்லை என்று பொருள். உலர்ந்தபின் மீண்டும் நிறுத்துப் பார்க்கவேண்டும். மூச்சுவிட்டதிலும் வேர் உதிர்ந்ததிலும் விதை தன் பொருளில் ஒரு பகுதியை இழந்திருக்கும். ஆகவே எடை 250 கிராமுக்குக் குறைந்தே ஆகவேண்டும். 250-ஐத் தொட்டு நின்றால் அது காயவில்லை. கையால் தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று எண்ணுவோர் ஏமாறுவது இங்கேதான்.

உலர்த்துதலே இக்கடற்கரையில் கடினமான படி. உள்நாட்டு ஊர்களில் களத்தில் பரப்பினால் வெயிலும் வறண்ட காற்றும் ஒரே நாளில் வேலையை முடித்துவிடும். நாவலூரின் கிழக்கே பக்கிங்காம் கால்வாயும், அதற்கப்பால் கடலும் உள்ளன. ஆண்டின் பெரும்பாலான காலைப் பொழுதுகளில் காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும். தானியம் காற்றோடு ஓயாமல் ஈரத்தைக் கொடுத்தும் வாங்கியும் வருவது. 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் திறந்து கிடக்கும் தானியம் ஏறத்தாழ 15, 16 விழுக்காடு ஈரம் வரை ஏற்றுக்கொள்ளும். சேமிப்புக்குரிய எல்லையோ 12, 13 விழுக்காடு. எனவே பகலெல்லாம் காய்ந்த தானியத்தை இரவில் மாடத்திலேயே விட்டுவைத்தால், பகலில் இழந்ததைக் கடற்காற்றிலிருந்து அது மீண்டும் வாங்கிக்கொள்ளும். மாலைக்குள் உள்ளே எடுத்து மூடிவைத்தல் இங்கே விதியாகவேண்டும்.

மெல்லிய பரப்பும் நகரும் காற்றும் முதல் தேவை. வெயில் இல்லாத நாளில் மின்விசிறியின் கீழ் பரப்பி நீரைக் குறைத்தபின், அகன்ற வாணலியில் மிகச் சிறு தீயில் கிளறி முடிக்கலாம். ஈரம் மிகுந்திருக்கும்போதே பெருந்தீயில் வறுத்தலாகாது. நொதி அழிந்துவிடும், மணியும் வெந்துவிடும். முதலில் மெல்ல உலர்த்தல், பிறகு மணம் வரும் அளவுக்கு இளவறுவல் என்பதே வரிசை. காய்ந்ததைக் கையால் தேய்த்து முறத்தில் புடைத்தால் வேர்த்துணுக்குகள் நீங்கும். சோளத்தை முளைகட்டுவோர்க்கு இப்படி இன்றியமையாதது. சோள முளையிலும் வேரிலும் டுர்ரின் என்னும் பொருள் உண்டு. அதிலிருந்து சயனைடு வெளிப்படும். குழந்தை உணவுக்குச் சோளத்தைத் தவிர்த்துக் கேழ்வரகையே கொள்ளுதல் நன்று.

பருவத்தைப் பற்றி ஒரு செய்தி. மாவை எத்தனை நாள் வைத்து உண்ணலாம் என்பதற்குத் திகம்பர சிராவகர் மரபில் வரம்பு உண்டு. பனிக்காலத்தில் 7 நாள், கோடையில் 5 நாள், மழைக்காலத்தில் 3 நாள். காற்றின் ஈரம் மிகுந்த பருவத்தில் மிகக் குறைந்த நாள். நுண்ணோக்கி இல்லாத காலத்திலேயே, ஈரம் ஏறிய மாவில் உயிர் தோன்றும் என்பதை அறிந்து வகுத்த எல்லை அது. ஆனால் வடநாட்டில் மழைக்காலம் என்பது ஆடி, ஆவணி. திகம்பர மரபில் சாதுர்மாசியம் மகாவீரர் வீடுபேறு எய்திய ஐப்பசி அமாவாசையை ஒட்டி நிறைவு பெறுகிறது. செங்கல்பட்டுக் கடற்கரையிலோ வடகிழக்குப் பருவமழை வலுப்பெறுவது அந்நாள்களில்தான். ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் ஐப்பசி முதல் மார்கழி வரை பொழிந்துவிடுகிறது. விதியின் எழுத்தை மட்டும் பார்ப்பவர், மழைக்காலம் முடிந்தது என்று தீபாவளியன்று மூன்று நாள் எல்லையைத் தளர்த்திவிடுவார். விதியின் கருத்தைப் பார்ப்பவர் அன்றுதான் அதை இறுக்கிப் பிடிப்பார். நாவலூரில் இருப்பவர்க்கு மழைக்காலம் என்பது சன்னலுக்கு வெளியே பெய்யும் மழையே.

இவ்வரம்பிலிருந்து ஒரு வழியும் கிடைக்கிறது. முளைகட்டி உலர்த்திய தானியத்தை உடனே முழுதும் அரைத்துவிடுதல் வேண்டா. மணியாகவே காற்றுப்புகாத கலத்தில் வைத்து, மூன்று நாளைக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது அரைத்துக்கொள்ளலாம். மணியைவிட மாவு விரைவில் ஈரம் வாங்கும். விரைவில் சிக்குவாடை பெறும். மழை ஓயாத வாரங்களில் முளைகட்டுவதையே ஒத்திவைத்தலும் அறமே. தை, மாசி மாதங்களின் வறண்ட பகல்கள் இதற்கு ஏற்றவை.

கெட்டதை எவ்வாறு அறிவது? புளித்த வாடை, வழுவழுப்பு, சாம்பல் நிறமோ பச்சை நிறமோ கொண்ட பூஞ்சை நூல் ஆகிய மூன்றில் எது தோன்றினாலும் அப்பகுதியை மட்டும் நீக்கிவிட்டு எஞ்சியதைக் காயவைத்தல் தகாது. சில பூஞ்சைகள் விடும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு வெயிலாலும் கொதியாலும் நீங்குவதில்லை, ஈரலைத் தாக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இக்கடற்கரை போன்ற இடங்களே அப்பூஞ்சைகளுக்கு உகந்தவை. முழுவதையும் நிழலான மண்ணில் சேர்ப்பதே முறை.

பச்சையாக உண்ணும் முளையில் அச்சம் இன்னும் மிகுதி. 2011-இல் ஜெர்மனியில் வெந்தய முளையின் வழியே ஈ.கோலை என்னும் நுண்ணுயிர் பரவி, 3,800-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தூய்மைக்குப் பேர்பெற்ற நாட்டில் நேர்ந்தது அது. விதையை விழிக்கச் செய்யும் அதே ஈரமும் வெதுவெதுப்பும் விதைமேல் ஒட்டியிருக்கும் நுண்ணுயிரையும் விழிக்கச் செய்கின்றன. ஆகவே குழந்தைக்கும் முதியோர்க்கும் சூலுற்ற மகளிர்க்கும் முளையைப் பச்சையாகத் தருதல் கூடாது. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும்போது, முளைத்த மாவைத் தண்ணீரில் கரைத்துச் சிறு தீயில் மெல்லச் சூடேற்றவேண்டும். கொதிக்குமுன் அமைலேஸ் தன் வேலையைச் செய்துமுடிக்கும், கஞ்சி இளகும். பிறகு நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, அப்போதே ஊட்டவேண்டும். மிஞ்சியதை அடுத்த வேளைக்கு வைத்தலாகாது.

முளையை விலக்கும் விரதமுடைய குடும்பத்தார் தம் குழந்தைக்குக் குறைவைத்ததாக வருந்த வேண்டுவதில்லை. கேழ்வரகை ஊறவைத்து, முளை காணுமுன்பே அரைத்துப் பிழிந்த பாலில் காய்ச்சும் கஞ்சி மென்மையானது. பொரித்த கேழ்வரகு மாவும் எளிதில் செரிக்கும். கஞ்சியோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ உணவில் சேர்ந்தால் தானியத்தின் இரும்புச் சத்தை உடல் நன்கு ஏற்கும். பருப்பும் நெய்யும் சேர்த்துக் கஞ்சியின் ஆற்றலைக் கூட்டலாம். மாமியார் விலக்குவதும் மருமகள் விரும்புவதும் ஒரே வீட்டில் இருக்குமானால், இரண்டுக்கும் இடமளிக்கும் அளவுக்குத் தமிழரின் அடுக்களை விரிந்ததே. குழந்தையின் கிண்ணத்தை வழக்குமன்றமாக்குதல் மட்டும் வேண்டா.

முளைகட்டுவோர் நினைவில் நிறுத்தவேண்டியவை நான்கு. ஈரத்தை அளவோடு ஏற்றுதல், காற்றோடு காத்தல், எல்லை வந்ததும் நீக்குதல், நீங்கியது திரும்பாமல் தடுத்தல். நான்கில் எதில் அசட்டை நேர்ந்தாலும், வேண்டாத உயிர்கள் ஆயிரமாயிரமாகத் தோன்றி, பின் அவற்றையும் சேர்த்து எறியும் நிலை வரும். அங்கே நேரும் இம்சை பசிக்காக நேர்ந்ததன்று; கவனிக்காததால் நேர்ந்தது. ஒரு நாளில் நான்கு முறை துணியை விலக்கிப் பார்க்கும் பொறுமை உள்ளவர் அதைத் தவிர்த்துவிடுவார். அப்பொறுமை இல்லாத நாளில் தானியத்தை ஊறவைக்காதிருப்பதே நல்லது.

அருகனருளால் இல்லந்தோறும் உணவு தூயதாகவும், குழந்தைகள் நலத்தோடும் விளங்குக.